பூட்டிய வீட்டுத் திருட்டும் 16 வயதுப் பையனும்: ஓர் அத்தைக்கு விரிவான பதில்

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் மகனுக்கு 16 வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. அண்ணன் இறந்துவிட்டார். அண்ணி காலையில் இட்லிக் கடை போட்டுக் குடும்பத்தை நடத்துகிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணும் உண்டு. பத்தாம் வகுப்பில் தவறிய பிறகு பையன் பள்ளிப் பக்கம் போகவில்லை. மூன்று பேராகச் சேர்ந்து, பூட்டிக் கிடந்த செட்டியார் வீடு ஒன்றில் இரவில் இறங்கி, பித்தளை அண்டா, வெண்கலக் கும்பா, எனாமல் சாமான்கள் என்று எடுத்து, ஒருவரிடம் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். கூட இருந்தவனில் ஒருவனுக்கு 19 வயது. போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறது. வக்கீல் குமாஸ்தா ஒருவர் “14 வருடம் தண்டனை உள்ள வழக்கு” என்று சொல்லியிருக்கிறார். உறவினர்கள் பையனைத் திருப்பூருக்கு அனுப்பிவிடச் சொல்கிறார்கள். என்ன செய்வது என்பது அவர் கேள்வி. பழியை அந்த 19 வயதுப் பையன் மேலேயே போட்டுவிடலாமா என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்.

அம்மா, திருப்பூர் பஸ்ஸில் மட்டும் ஏற்றாதீர்கள். பையன் தலைமறைவு என்று ஒருமுறை பதிவாகிவிட்டால், நாளைக்கு “எங்கள் பொறுப்பில் விடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று நீங்கள் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு இருக்காது. அந்தச் சொல்லை நம்பும்படி செய்வதுதான் இந்த வழக்கில் உங்கள் குடும்பத்துக்கு உள்ள ஒரே பெரிய வேலை. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் நான் சில ஆண்டுகள் சமூகப் பணியாளர் உறுப்பினராக இருந்தவன். வக்கீலின் வாதத்தால் திரும்பிய வழக்குகளை விட, வீட்டு நிலைமை சரியாகத் தெரியவந்ததால் திரும்பிய வழக்குகளைத்தான் அதிகம் பார்த்தேன்.

முதலில் அந்த 14 வருடத்தைப் பார்த்துவிடுவோம். குமாஸ்தா பொய் சொல்லவில்லை. திருடும் நோக்கத்தோடு இரவில் வீடு புகுந்தால் 14 ஆண்டுகள் வரை தண்டனை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 331ஆம் பிரிவு சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 457ஆம் பிரிவு. ஆனால் அது வயது வந்தவருக்கு. உங்கள் பையன் விஷயத்தில் பேசவேண்டிய சட்டம் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அது குற்றங்களைச் சிறிய குற்றம், கடுமையான குற்றம், கொடிய குற்றம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. 16 வயதைத் தாண்டிய சிறுவனைப் பெரியவனைப்போல் விசாரிக்கலாமா என்ற பேச்சே கொடிய குற்றத்தில்தான் எழும். குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு என்று சட்டம் விதித்திருக்கும் குற்றங்கள் அவை. வீடு புகுந்து திருடுவதற்கு அதிகபட்சம் 14 ஆண்டு என்று இருக்கிறதே தவிர, குறைந்தபட்சம் ஏழாண்டு என்று இல்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலையில் உள்ள குற்றங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் ஒரு தீர்ப்பில் தீர்த்துவைத்தது. 2021 திருத்தச் சட்டம் அதையே எழுதிவைத்தது. இவை கடுமையான குற்றங்கள்தான், கொடிய குற்றங்கள் ஆகா. ஆகவே சிறை என்ற சொல்லுக்கே இங்கே இடமில்லை. ஆகக் கடைசி நிலையில் மூன்று ஆண்டுக்கு மேற்படாமல், சிறுவர்களுக்கென்றே உள்ள சிறப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். முதல் தடவை மாட்டிய பையனுக்கு அந்த நிலை வருவது அரிது.

வயதைப் பற்றி நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இந்த வீடுகளுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் கோலாலம்பூரில். ஆண்டுக்கு ஒருமுறை முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ, ஒரு கல்யாணத்துக்கோ வீட்டைத் திறக்கும்போதுதான் இரண்டாம் கட்டில் சாமான் அறை காலியாகக் கிடப்பது தெரியவரும். புகார் தேதி ஒன்று, திருட்டு நடந்த தேதி வேறொன்று. சட்டம் பார்ப்பது சம்பவம் நடந்த நாளில் என்ன வயது என்பதை மட்டுமே. பிடிபட்ட நாளோ புகார் கொடுத்த நாளோ கணக்கில் வராது. ஆகவே எந்த மாதம், எந்தத் திருவிழாவை ஒட்டி நடந்தது என்பதைப் பையனிடம் அமைதியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவன் செய்யாத பழைய திருட்டுகள் அவன் கணக்கில் ஏறாமல் இருக்கவும் இது உதவும். வயதுக்கு ஆதாரம் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். எதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அட்டை அந்த வரிசையில் இல்லை. பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் தோராயமாக ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டிருந்தால், அதை இப்போதே கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் கூப்பிட்டால் நீங்களும் அண்ணியும் கூடவே போங்கள். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் குறிக்கப்பட்டிருப்பார், அவரைக் கேளுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது, பிடித்த 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்தவேண்டும். பயண நேரம் மட்டும் இதில் சேராது. பொதுவாகச் சிறுவர்கள் செய்த இத்தகைய குற்றத்துக்கு முதல் தகவல் அறிக்கை போடுவதில்லை. பொது நாட்குறிப்பில் பதிவு செய்து சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புவார்கள். உங்கள் வழக்கில் வயது வந்தவன் ஒருவன் சேர்ந்திருப்பதால் முதல் தகவல் அறிக்கை வரும். அதைப் பார்த்துப் பதறவேண்டாம்; அப்படி வந்தாலும் இரண்டு பேரையும் ஒன்றாக வைத்து விசாரிக்க முடியாது. அடித்திருந்தால் குழுமத்தில் சொல்லச் சொல்லுங்கள். முதல் நாளிலேயே அதைக் கேட்டறிவது குழுமத்தின் கடமை.

குழுமம் கூடுவது சிவகங்கையில். (வீடு இராயவரம், கோனாபட்டுப் பக்கம் என்றால் அது புதுக்கோட்டை மாவட்டம், அங்குள்ள குழுமத்துக்குப் போகவேண்டும். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடப்பதால் இந்த அலைச்சல் பலருக்கும் நேர்கிறது.) ஒரு நீதித்துறை நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவராவது பெண். கூண்டு இருக்காது, மேடை இருக்காது. ஜாமீன் என்பது இங்கே விதி, மறுப்பதுதான் விதிவிலக்கு. ஜாமீனில் விட முடியாத குற்றமென்று பெரியவர்களுக்குச் சொல்லப்படும் குற்றத்துக்கும் சிறுவனுக்கு ஜாமீன் உண்டு. வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதி கெட்டுவிடும் என்ற மூன்றில் ஒன்று இருந்தால் மட்டுமே மறுக்கலாம். அதற்கான காரணத்தையும் எழுதவேண்டும். வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று கடன் வாங்காதீர்கள். சிறுவர்களுக்குக் குடும்ப வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பொறுப்பு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கேட்டாலே வழி சொல்வார்கள்.

விசாரணை முடியும்வரை சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் சில மாதம் இருந்தால் புத்தி வரும் என்று உறவினர் யாராவது சொன்னால், காதில் வாங்காதீர்கள். அங்கே நல்ல ஆற்றுப்படுத்துநர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு இல்லத்தில் ஒரு சிறுவன் ஊழியர்களால் தாக்கப்பட்டு இறந்தான். அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் இந்த இல்லங்களைச் சீர்திருத்த ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. வீடு என்று ஒன்று இருக்கும்போது பையன் வீட்டில் இருக்கட்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. பையனைப் பிடித்த தகவல் நன்னடத்தை அலுவலருக்குப் போகும். அவர் இரண்டு வாரத்துக்குள் சமூகப் புலனாய்வு அறிக்கை ஒன்றைக் குழுமத்துக்குக் கொடுக்கவேண்டும். அதற்காக உங்கள் வீட்டுக்கு வருவார். குடும்பத்தில் யார் யார், என்ன வருமானம், பையன் எப்போது பள்ளியை விட்டான், ஏன் விட்டான், யாரோடு சுற்றுகிறான், போதைப் பழக்கம் உண்டா, அவனை யாராவது அடித்தார்களா, பெரியவர்கள் யாராவது அவனைப் பயன்படுத்தினார்களா, அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்று அந்தப் படிவம் நீண்டுகொண்டே போகும். கடைசியில் அவருடைய பரிந்துரை. தீர்ப்புச் சொல்லும் நாளில் குழுமத்தின் மேசையில் இருக்கும் காகிதங்களில் இதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் புரட்டுவோம்.

அவர் வருகிறார் என்று தெரிந்ததும் குடும்பங்கள் செய்வது எல்லா ஊரிலும் ஒன்றுதான். வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பக்கத்து வீட்டில் சொல்லிவைத்து, வாய் சாதுரியமுள்ள மாமா ஒருவரை முன்னால் உட்காரவைப்பது. “தங்கமான பையன் சார், சேர்க்கைதான் சரியில்லை.” இதை அந்த அலுவலர் அதற்கு முன் போன வீட்டிலும் கேட்டிருப்பார். அதனால் ஒரு பயனும் இல்லை.

ஒரு அறிக்கை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தத் தாயும் உங்கள் அண்ணியைப்போல் விடியற்காலையில் எழுந்து பலகாரக் கடை போடுகிறவர். பையன் ஏன் படிப்பை விட்டான் என்று கேட்டதற்கு முதலில் “சோம்பேறி” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து அவனுடைய பள்ளிப் பையை இழுத்துக் கொடுத்திருக்கிறார். பழுப்பு அட்டை போட்ட நோட்டுகள். எல்லாப் பாடத்திலும் நவம்பர் வரை தேதி போட்டு ஒழுங்காக எழுதியிருந்தது. அதன்பின் எல்லாமே வெற்றுத் தாள். அலுவலர் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டார். அந்த வாரம்தான் தகப்பன் மதுரை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். தாய் அவரோடு போய்விட்டார். கடையை இந்தப் பையன்தான் பார்த்தான். அறிக்கையில் சோம்பேறி என்ற சொல் வரவே இல்லை. நாங்கள் போட்ட உத்தரவும் அதற்கேற்றபடி துணைத் தேர்வு, தங்கைக்கு உதவித்தொகை, மாதாந்தரச் சந்திப்பு என்று அமைந்தது.

அண்ணியும் உள்ளதைச் சொல்லட்டும். இரவு எட்டு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுகிற பெண்ணுக்கு, நடுவில் மகன் எங்கே போகிறான் என்று தெரியாமல் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை மறைத்தால் அலுவலர் வேறு யார் மூலமாகவோ தெரிந்துகொள்வார், அப்போது மறைத்த குடும்பம் என்ற பெயரும் சேரும். சொல்லிவிட்டு, கூடவே ஒரு ஏற்பாட்டையும் சொல்லுங்கள். இரவு அவன் உங்கள் வீட்டில் படுப்பானா? அவனைப் பார்த்துக்கொள்ள உங்கள் கணவர் சம்மதிக்கிறாரா? அவரையும் அன்று வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். “நல்ல வழிக்குக் கொண்டுவருவோம்” என்பதற்கும் “இரவு எட்டரைக்கு இவர் அவனைக் கூட்டிக்கொண்டு வருவார், காலையில் கடைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு எட்டு மணி பஸ்ஸுக்குப் போவான்” என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று குழுமத்தில் உட்கார்ந்து கேட்டவனுக்குத்தான் தெரியும்.

அந்த எட்டு மணி பஸ் எங்கே போகவேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பத்தாம் வகுப்பில் தவறியவன் துணைத் தேர்வு எழுதலாம், அல்லது எட்டாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்து ஐ.டி.ஐ.யில் சேரலாம். வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாவது போதும். காரைக்குடியிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, தமிழக அரசு ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் தருகிறது. உங்கள் பையனின் கை பூட்டைத் திறக்கிற அளவுக்கு ஓடுகிறது என்றால், அதற்கு வயர்மேன் வகுப்பு பொருத்தமான இடம்தான். புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்க விடுகிறோம் என்று மட்டும் குழுமத்தில் போய்ச் சொல்லாதீர்கள். பையனை வேலைக்கு அனுப்பித் திருத்துவது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் பிடித்த யோசனை. படிப்பை விட்டது எதனால் என்ற கேள்வியை அது மூடிவிடுகிறது.

பணத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவனை இழந்த தாயோடு இருக்கும் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவு நிதி உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேற்படக் கூடாது. பிள்ளை படிப்பைத் தொடரவேண்டும். விண்ணப்பம் சிவகங்கையில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். பையனுக்குக் கிடைக்குமோ இல்லையோ, எட்டாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண்ணுக்காக இந்த வாரமே எழுதிக்கொடுங்கள். அண்ணன் மாட்டிக்கொண்ட வீட்டில் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தங்கை எந்த நாளில் பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள் என்பதை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். அண்ணி இறந்த கணவரின் சான்றிதழ்களோடு அலைய நேரமில்லாதவர் என்பதால், அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அடிபட்ட, காணாமல் போன குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். படிப்பை விட்டு நிற்கும் பிள்ளைக்காகவும் கூப்பிடலாம்.

முடிவில் குழுமம் என்ன செய்யும்? கண்டித்து அனுப்பலாம், குழு ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், அல்லது நன்னடத்தையின் பேரில் மூன்று ஆண்டுக்கு மேற்படாமல் உங்கள் பொறுப்பில் விடலாம். உங்கள் பையனுக்கு இந்தக் கடைசி வகைதான் பெரும்பாலும் வரும். விசாரணை நான்கு மாதத்தில் முடியவேண்டும், தேவையானால் இரண்டு மாதம் நீட்டலாம்.

சாமான்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரரிடம் பேசி முடிக்கலாமா என்றால், திருப்பிக் கொடுங்கள், மன்னிப்பும் கேளுங்கள். அந்த வெண்கலக் கும்பா ஓர் ஆச்சியின் சீர் சாமானாக இருக்கலாம். எடைக்குப் போட்ட விலையில் அதை அளக்க முடியாது. வீட்டுக்காரர் மனம் இரங்கினால் அது குழுமத்தில் நிச்சயம் எடுபடும். ஆனால் வழக்குப் பதிவான பிறகு ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதி வாங்கும் வெள்ளைத் தாள் வழக்கை முடிக்காது. பையனிடம் கையெழுத்து எதுவும் வாங்க விடாதீர்கள். பொருளை வாங்கிய ஆள் யார் என்பதையும் மறைக்காதீர்கள். காரைக்குடிப் பழம்பொருள் வியாபாரத்தில் நேர்மையானவர்கள் நிறைய இருக்கிறார்கள். 16 வயதுப் பையன் இரவில் கொண்டுவந்த அண்டாவை ரசீது இல்லாமல் வாங்குகிறவர் அவர்களில் ஒருவர் இல்லை. சிறுவர்களைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்ச ரூபாய் அபராதமும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 83ஆம் பிரிவில் இருக்கிறது. “இன்னொன்று கொண்டு வா” என்று அவர் சொல்லியிருந்தால், அது பையனுக்குச் சாதகமான உண்மை.

பையனின் படமும் பெயரும் ஊர் வாட்ஸாப் குழுவில் ஓடினால் அதைச் சேமித்து வைத்துக்கொண்டு குழுமத்தில் காட்டுங்கள். 74ஆம் பிரிவின்படி சிறுவனின் அடையாளத்தை வெளியிடுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதமோ உண்டு. பிற்கால வேலையைப் பற்றிய கவலைக்கும் பதில் சட்டத்திலேயே இருக்கிறது: இப்படிப்பட்ட வழக்கில் முடிவு எதுவானாலும் அது தகுதியிழப்பு ஆகாது, ஆவணங்களும் உரிய காலம் முடிந்ததும் அழிக்கப்படவேண்டும். இதை உச்ச நீதிமன்றம் 2019இல் மத்திய ஆயுதப் படை வேலை ஒன்றைப் பற்றிய வழக்கில் உறுதி செய்திருக்கிறது.

இனி அந்த 19 வயதுப் பையன். பழியை அவன் மேல் போடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். போட்டால் அவன் தரப்பு உங்கள் பையனைத்தான் தலைவன் என்று சொல்லும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு கீழே போவார்கள். நடந்ததை நடந்தபடி சொல்வதே உங்கள் பையனுக்கும் நல்லது. அந்த 19 வயதுப் பையனுக்கும் இந்த நாட்டில் வழி இல்லாமல் இல்லை. சென்னை மாகாணம் 1936இலேயே நன்னடத்தைச் சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்குமான குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958இல் வந்தது. 21 வயதுக்கு உட்பட்டவர் ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றம் செய்திருந்தால், சிறைக்கு அனுப்பும் முன் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெறவேண்டும். சிறைதான் என்று முடிவெடுத்தால் காரணத்தை எழுதவேண்டும். இதை அவன் வக்கீல் கேட்காமல் விட்டுவிடுவதும் நடக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: மூன்று பேரும் ஓராண்டுக்கு மேலாக இதைச் செய்துவந்திருந்தால், முதல் திருட்டு நடந்த நாளில் அவனுக்கும் 17 வயதாக இருந்திருக்கலாம். அந்தச் சம்பவத்துக்கு அவனும் குழுமத்தின் முன்தான் நிற்கவேண்டும். இதை எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும்கூட எழுப்பலாம். அவன் வீட்டாரோடு உங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும், அவனுடைய பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்து வைக்கும்படி யார் மூலமாவது சொல்லியனுப்புங்கள்.